செயின் எடுத்துக்கோ

எண்பதுகளின் நடுவில், ஒரு செப்டம்பர் கடைசியில், நெவாடா பாலைவனத்தில் பெய்த பனி என் டாக்டர் தொழிலைக் கெடுத்தது. சில வருடம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பனியைத் திட்டுவதில் ஒரு சௌகரியம், அது திருப்பிப் பேசாது.

நான் மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்தவள். கல்யாணமாகி கலிபோர்னியாவில் சன்னிவேலுக்கு வந்து நான்கு வருடமாக ஒரு எஞ்சினியருக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் டாக்டராக வேண்டுமானால் வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று இருக்கும் பரீட்சையை முதலில் பாஸ் பண்ண வேண்டும், பிறகு ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் ட்ரெய்னிங் கிடைக்க வேண்டும். பரீட்சையை இரண்டாம் தடவையில் பாஸ் பண்ணிவிட்டேன். ட்ரெய்னிங்குக்கு அப்ளை பண்ணாத ஊரில்லை. எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில்தான், வருந்துகிறோம் என்று. என்னத்தை வருந்தினார்களோ! பாஸ் பண்ணிய சர்டிபிகேட்டும் அந்த வருடக் கடைசியோடு காலாவதியாக இருந்தது. அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் முதலிலிருந்து எழுத வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

அப்போதுதான் நெவாடாவின் உள்ளே, பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ட்ரெய்னிங்கில் இருந்த ஒருவர் பாதியில் விட்டுப் போய்விட்டார், இடம் காலி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வா என்று. கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

எனக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. சொல்லித் தருகிறேன், சொல்லித் தருகிறேன் என்று என் கணவர் நான்கு வருடத்தை ஓட்டிவிட்டார். ஆனாலும் இரண்டு நாள் லீவு போட்டு அழைத்துப்போவதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன், மடச்சி.

எங்கள் அபார்ட்மென்ட் மாடியில் ஒரு நாகர்கோவில் ஆன்ட்டியும் அங்கிளும் இருந்தார்கள், எங்களுக்கு ரொம்ப முன்னாலேயே வந்தவர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் ஆன்ட்டி போன் பண்ணினாள். ஜெபம் பண்ணிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், "மலை தாண்டிப் போறே, மறக்காம செயின் எடுத்துக்கோ, என்ன?" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூளிக் கழுத்தோடு இன்டர்வியூவுக்குப் போய் நிற்காதே என்று அம்மா ஸ்தானத்திலிருந்து சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். திருட்டு பயத்தில் அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்த இரட்டை வடச் செயினைத் தோண்டி எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். ஆன்ட்டி செயின் போட்டுக்கொள்ளச் சொன்னாள் என்று அவரிடமும் சொன்னேன். ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். "போட்டுக்கோ, நல்லா இருக்கு" என்றார்.

ஸ்வெட்டர் எடுக்கவில்லை. பாலைவனம் என்றால் நமக்கு வெயில்தானே. வியாழக்கிழமை மலையைத் தாண்டும்போதும் வெயில்தான், கார் ஜன்னலில் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு போனோம். அந்தப் பக்கம் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறப் புதர். அந்தப் பொட்டல் ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்தில் இருக்கிறது என்று எனக்கு எவரும் சொல்லவில்லை.

மோட்டலில் தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் மழை. காரில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் மழைத்துளி கனத்து வெள்ளையானது. புதர்கள் எல்லாம் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டதுபோல் நின்றன. நான் காட்டன் புடவையில், செருப்பில், பல் கிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் பயமில்லை. எட்டரை மணிதான் ஆகியிருந்தது. நடுவில் ஒரே ஒரு கணவாய், அதற்கு அப்பால் ஆஸ்பத்திரி.

கணவாய் அடிவாரத்தில் ஒரு போலீஸ்காரர் ஒவ்வொரு காராக நிறுத்திக்கொண்டிருந்தார். எங்கள் ஜன்னலுக்குக் குனிந்து, செயின் இருக்கிறதா என்று கேட்டார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் புடவைத் தலைப்பை விலக்கி, கழுத்திலிருந்ததை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். எஸ் என்றும் சொன்னேன்.

அந்தப் போலீஸ்காரப் பையனுக்கு நல்ல வளர்ப்பு. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பனியில் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றிக் கட்டும் இரும்புச் சங்கிலியைக் கேட்கிறேன் என்று விளக்கினார். அது இல்லாமல் மேலே விட முடியாது, பின்னால் பத்து மைலில் பெட்ரோல் பங்க்கில் விற்கிறார்கள், வாங்கி வந்தால் விடுகிறேன் என்றார். அதுவரை ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் வண்டியைத் திருப்பினார்.

பங்க்கில் நான் போன் பூத்துக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் போனை எடுத்த அம்மாள், டாக்டர் இரண்டு மணி வரை இருப்பார், அவசரப்படாமல் பார்த்து வா என்று தங்கமாகப் பேசினாள். நனைந்துகொண்டே காருக்கு ஓடி வந்தேன். அவர் அதற்குள் கடைக்குள் போய்விட்டு வந்திருந்தார். "நம்ம டயர் சைஸ் இல்லையாம்மா. விடு, உயிரோட வீடு போய்ச் சேருவோம்" என்றார். கலிபோர்னியாப் பக்கம் வண்டி போனது. வழியெல்லாம் அழுதேன். அவர்மேல் எனக்குத் துளிக் கோபமில்லை, பாவம், லீவு போட்டு வந்த மனுஷன். செயின் என்றால் என்னவென்று தெரியாத பட்டிக்காடு நான், என்னைச் சொல்ல வேண்டும் என்றுதான் புழுங்கினேன். இரண்டு வாரத்தில் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. டிசம்பரில் சர்டிபிகேட்டும் செத்தது.

அப்புறம் அது ஜோக்காகிவிட்டது. எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், என் மனைவி போலீஸ்காரனிடம் கழுத்துச் செயினைத் தூக்கிக் காட்டிய கதையை அவர் ஆரம்பித்துவிடுவார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே சொல்வார். அந்தப் போலீஸ்காரனின் முழி, என்னுடைய எஸ், எல்லாம் நடித்துக் காட்டுவார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்னையே அறையலாம்போல் இருக்கிறது.

மூன்று வருடம் கழித்து, அந்த ஆன்ட்டி வீட்டார் குபெர்டினோவில் வீடு வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அங்கேயும் அவர் கதையை அவிழ்த்தார். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு அங்கிள் மட்டும் பிரியாணித் தட்டோடு யோசித்துக்கொண்டே நின்றார். மனதில் கல்மிஷமில்லாத மனுஷர்.

"ஏம்பா, நீங்க கிளம்புறதுக்கு முந்தின நாள் என் டயர் செயினை நான்தானே கொண்டு வந்து உன் கார் ட்ரங்க்ல ஸ்டெப்னி பக்கத்துல வெச்சேன்? திரும்பி வந்து, யூஸ் ஆகலேன்னு குடுத்தியே?"

யாரோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் தயிர்ப்பச்சடி கேட்டுச் சமையலறைக்குள் போனார். நான் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். எல்லாருக்கும் போய்வருகிறேன் சொல்லி, ஆன்ட்டி கட்டிக்கொடுத்த பிரியாணியையும் வாங்கிக்கொண்டு, நல்ல பெண்ணாகக் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

ஃப்ரீவேயில் ஏறிய பிறகு கேட்டேன்.

"அன்னிக்கு ட்ரங்க்ல இருந்துதா?"

மறுக்கவில்லை அவர். இன்டிகேட்டர் போட்டு லேன் மாறினார்.

"ஏங்க?"

"அங்க போயிருந்தா உனக்குக் கெடச்சிருக்கும். எனக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

விண்ணப்பம் போட்ட ஆஸ்பத்திரிகளுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. எனக்கே அவ்வளவாக இல்லை. இந்த நாட்டில் என் படிப்பை முழுசாக நம்பிய ஒரே ஆள் அவர்தான்.