கைப்பைக்குள் ஏலக்காய்த் தோல்

போன தீபாவளி விடுமுறையில், குரங்கணிக்கு மேலே உள்ள எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் நடந்தது இது.

மதுரையில் மருத்துவ மேற்படிப்பு படிக்கும் என் மகள், நெஞ்சில் கட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் பட்டை ஒன்றோடு வந்திருந்தாள். தொப்பை, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தவர்களுக்குத் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எப்படி மாறுகிறது, ஹார்மோனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் என்ன வித்தியாசம் என்பது அவளுடைய ஆய்வு. நல்ல இதயம் கடிகாரம் மாதிரி அடிக்காதாம். மூச்சுக்குத் தக்கபடி கொஞ்சம் கூடிக் குறையுமாம்!

எங்கள் வீட்டு நோயாளி என் கணவர்தான். பத்து வருடமாக அவருக்கு மாத்திரை எடுத்து வைப்பவள் நான். சர்க்கரையும் இடுப்புச் சதையும் எனக்கும் உண்டு. ஆனால் என்னை யாரும், நான் உட்பட, நோயாளியாக நினைத்ததில்லை.

தோட்டத்து ஷெட்டில் அவரைப் படுக்கவைத்து ஐந்து நிமிடம் பதிவு செய்தாள். "பரவால்லப்பா, நான் பயந்த அளவுக்கு இல்ல" என்றாள். அவருக்கு ஒரே குஷி.

"ஒங்கம்மாவுக்கும் மாட்டு. இதயம்னு ஒண்ணு இருக்கான்னு பாப்போம்!"

சிரித்துக்கொண்டே படுத்தேன். பதிவு ஓடிய செல்போன் திரையைப் பார்த்த மகளின் சிரிப்பு நின்றுபோனது. என் துடிப்பு துளிகூட ஏறி இறங்காமல் ஒரே சீராக ஓடியது.

"இத மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. ஒனக்கு வேற எதுவும் செய்யுதா?"

"மேடு ஏறுனா வாயு பிடிக்கும். ரெண்டு காயப் போட்டு மென்னா சரியாயிரும்."

நெஞ்சடைப்பு என்றால் வாயில் ஏலக்காய் போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். மகள் என் கைப்பையை வாங்கிக் கவிழ்த்தாள். நான் உரித்துப் போட்ட தோல் ஒரு கைப்பிடி கொட்டியது.

"இம்புட்டும் எத்தன நாள்ல?"

"நாலு நாளு இருக்கும்."

தாடை வலிக்கிறதா, வேர்க்கிறதா என்று கேட்டாள். இரண்டும் இருந்தன. மாதவிலக்கு நின்ற வயதில் அப்படித்தான் வேர்க்கும் என்று விட்டுவிட்டதாகச் சொன்னேன்.

"அந்தப் பொம்பள ஹார்மோன் இருந்த வரைக்கும் இதயத்துக்கு ஒரு காவல் இருந்துச்சும்மா. இப்ப அது இல்ல. பொம்பளைகளுக்குப் பல நேரம் இப்படித்தான் மறைஞ்சு வரும். கெளம்பு!"

அடுத்த நிமிடம் தோட்டத்து ஜீப்பில் இருந்தோம். "அண்ணே, வெரசா எறக்குங்க!" என்று கத்தினாள் மகள். "புடிச்சுக்கங்க அக்கா" என்ற டிரைவர் அந்தக் கொண்டைஊசி வளைவுகளில் வண்டியை எப்படித் திருப்பினாரோ! என் கணவர் என் கையைப் பிடித்திருந்தார். நானோ, இவருக்கு ராத்திரி மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தேனி ஆஸ்பத்திரியில் இரண்டு ரத்தக்குழாய்கள் அடைபடும் நிலையில் இருப்பதைக் கண்டுபிடித்து, அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தேன்!

இப்போது எங்கள் மாத்திரை டப்பாவில் என் வரிசையை என் கணவர்தான் நிரப்புகிறார். ஊரில் எந்தப் பெண் "வாயுதான்" என்று சொல்லி ஏலக்காயை உரித்தாலும் நான் டாக்டரிடம் அனுப்பாமல் விடுவதில்லை. அவர் அன்று அந்தக் கேலியைச் செய்யாமல் இருந்திருந்தால், அந்தப் பட்டை என் நெஞ்சுக்கு வராமலேயே மதுரைக்குத் திரும்பியிருக்கும்.