ஒல்லாந்தன் கீறிய கடல்

எங்கள் ஊரில் பெண்ணோடு வீடும் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் குடிவருவார். அதனால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்குமுன் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். எனக்கென்று வாப்பா கட்டிய வீடு கடற்கரைக்குக் கொஞ்சம் மேற்கே இருக்கிறது. நல்ல வீடு. அதை மட்டும் காட்டியிருக்கலாம்.

வாப்பா அரசாங்க நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறி ஓய்வுபெற்றவர். ஒல்லாந்தர் இந்தப் பக்கம் வந்து குடியேறிய காலத்து வரைபடம் ஒன்றைக் கொழும்பில் வாங்கிவந்து, கண்ணாடிச் சட்டம் போட்டு அந்த வீட்டின் முன்னறையில் மாட்டியிருந்தார். வடக்கே கோட்டையும் பண்டகசாலையும், தெற்கே எங்கள் கரை. அதைக் கீறியவன் காய்ச்சலோடு தோணியிலிருந்து கரையை அளந்தானாம். எனக்குக் காய்ச்சல் வந்தபோதும் வாப்பா அவனுடைய காய்ச்சலைத்தான் கதைத்தார்.

என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் உம்மா சுனாமியில் மூத்த மகளைப் பறிகொடுத்தவர். பேச்சுக்குத்தான், “இதுல இந்த ஊடு எங்க இரிக்கி?” என்று கேட்டார். வாப்பா ஆசையோடு அடிமட்டம் வைத்து அளந்து விரலை வைத்தார். விரல் கடலில் நின்றது.

“அப்ப இதெல்லாம் கடல்!” என்றார் வாப்பா, பெரிய புதையலைக் கண்டதுபோல.

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை. “ஆனைக்கும் அடி சறுக்கும். அந்த மனிசன் இந்த இடத்தப் பிழையாக் கீறிட்டான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. எண்ட மனம் ஆறும்.”

ஒரு சொல். நான் கதவுக்குப் பின்னால் நின்று வாப்பாவின் வாயையே பார்த்தேன்.

“அவன் பிழையாக் கீறமாட்டான்,” என்றார் வாப்பா.

அவர்கள் தேநீரைத் தொடாமல் போனார்கள். பிறகு ஊர் வாயை யார் மூடுவது? கடலில் கட்டின வீடு என்ற பேச்சு மருதமுனை வரை போனது. வேறு யாரும் சுவரைத் தட்ட வரவில்லை. வாப்பாவை அன்றிலிருந்து வெறுக்கிறேன். நேரத்துக்குச் சோறும் போடுகிறேன்.

இப்போது அவருக்குக் கண் தெரியாது. போன வாரம் படத்தைக் கழற்றி மடியில் வைக்கச் சொன்னார். கண்ணாடியைத் தடவினார்.

“எங்கட ஊடு எங்க மகள்? கரையிலதானே இரிக்கி?”

ஓம், கரையில்தான் என்றிருந்தால் நிம்மதியடைந்திருப்பார். அவருடைய விரலைப் பிடித்துக் கடலில் வைத்தேன்.

“கடலுக்குள்ளதான் வாப்பா. அவன் பிழையாக் கீறமாட்டானே.”