வெள்ளைக் களிமண்

இது நடந்தது. கதை கட்டுவதென்றால் இதைவிட நாகரிகமான பேயாகப் பார்த்துக் கட்டியிருப்பேன். பயமுறுத்துகிற பேய் சரி. குமட்டுகிற பேயை யாராவது மெனக்கெட்டு உண்டாக்குவார்களா? என் சொந்த அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைக் காலி செய்துவிட்டு வருவது நல்லது.

அக்காவுக்கு மண்ணோடுதான் வேலை. பூமிக்கு அடியில் ஒளிந்திருக்கும் தாதுவை, மேல்மண்ணில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்த்தே மோப்பம் பிடிக்கிற ஆராய்ச்சிக்காரி அவள். பல வருடம் நாயாய் அலைந்தும் உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. "மூட்டை மூட்டையா மண்ணு கொண்டு வர்றியே, ஒரு மோதிரத்துக்காவது தேறுமா?" என்று அத்தான் சீண்டுவார். அந்த மாதக் கடைசிக்குள் துளை போடத் தகுந்த ஓர் இடத்தைக் காட்டாவிட்டால், அவளுடைய பிரிவையே இழுத்து மூடிவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் அவளுக்குச் சரியான தூக்கமே இல்லை.

அப்போதுதான் அந்தச் சரிவு கிடைத்தது. ஆள் நடமாட்டமில்லாத புதர்க்காடு. மண்ணில் என்னென்ன உலோகம் என்று காட்டும் கைக்கருவியை வைத்ததும் பாதரசம், வெள்ளி, வெள்ளீயம் மூன்றின் அளவும் எகிறியது. அதுவும் ஒரு வீட்டு அகலத்துக்குத்தான். அதைத் தாண்டினால் சுத்தமாக ஒன்றுமில்லை. இயற்கை இப்படிக் கோடு போட்டு வைக்காது என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கையால் திருகி இறக்கும் துளைப்பானை இறக்கினாள். இடுப்பளவு ஆழத்திலிருந்து வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. தாதுவுக்கு மேலே இருக்கும் பாறை மக்கி, வெள்ளைக் களிமண்ணாகக் கிடப்பது உண்டு. சந்தோஷத்தில் அதில் கொஞ்சத்தைக் கையாலேயே வழித்தெடுத்தாள்.

"மேடம், ஈ பாருங்க," என்றார் ஜீப் டிரைவர்.

அதுவரை ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாத இடம். இப்போது துளைப்பானின் முனை கறுப்பாக மொய்த்துக் கிடந்தது.

"ஈரத்துக்கு வந்திருக்கும்," என்று விசிறி விரட்டினாள்.

மண் பார்க்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. களிமண்ணா வண்டலா என்று சந்தேகம் வந்தால், துளி எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பார்கள். வண்டல் நறநறக்கும், களிமண் வழுக்கும். அக்காவும் கடித்தாள். வழுக்கியது. ஆனால்... களிமண் உருகாது. இது நாக்கின் சூட்டில் உருகியது. பழைய சோப்பும் கெட்டுப்போன வெண்ணெயும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை மூக்குவரை ஏறியது. காறிக் காறித் துப்பினாள். கேன் தண்ணீர் முழுக்கத் தீர்ந்தும் மேலண்ணத்தில் ஒட்டியது போகவில்லை.

மாலை ஆறே முக்கால். ஆய்வுக்கூடத்தில் அவள் மட்டும்தான். சரிவில் அள்ளிய மண்ணைச் சலிக்கும் இயந்திரத்தில் போட்டு ஓடவிட்டாள்.

நற... நற... நற...

மண் சலிகிற சத்தம் அப்படி இருக்காது. இயந்திரத்தை நிறுத்தினாள்.

நற... நற...

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். மேசைக்கு அடியில் பார்த்தாள். உலர்த்தும் அடுப்பைத் திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

நற... நற...

இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

சத்தம் கூடியது.

அது அவள் வாய்க்குள்ளிருந்து வந்தது.

தாடையைத் தொட்டாள். அசையவில்லை.

நற...

நாக்கில் ஏதோ உருண்டது.

துப்பினாள். உள்ளங்கையில்... ஒரு பல்.

வேரோடு. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சொத்தை இல்லாத, நல்ல கடைவாய்ப் பல். அதன் மேல் அந்த வெள்ளைப் பிசின். அக்கா குப்பைத் தொட்டியில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். பிறகு நாக்கால் துழாவித் துழாவிப் பார்த்தாள். மேலே, கீழே, எங்கும் ஒரு பல்லும் குறையவில்லை. அப்படியானால் என்னுடையது இல்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பில் இன்னொரு தடவை வாயைக் கொப்பளித்தாள். பழக்க தோஷம், பல்லை ஒரு மண் பையில் போட்டு மூடினாள். அத்தானுக்குப் போன் செய்தாள்.

"ஏங்க... வந்து கூட்டிட்டுப் போங்க."

"என்னாச்சும்மா?"

"வாய் நாறுதுங்க."

வெள்ளைக் களிமண்ணை மறுநாளே சோதித்தாள். களிமண்ணே இல்லை, கொழுப்பு. காற்றுப்படாத ஈரமண்ணில் புதைந்த உடலின் கொழுப்பு இப்படிக் கட்டி தட்டிப்போகுமாம். வாயை மூடிக்கொண்டு அந்த இடத்தை மேலதிகாரிக்குக் காட்டியிருந்தால் வேலை இன்னும் கொஞ்ச நாள் நிலைத்திருக்கும். அவள் போலீசுக்குச் சொன்னாள். தோண்டினார்கள். உள்ளே பலர், ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிய மாதிரி கிடந்தார்களாம். யார், எப்போது, யார் புதைத்தது... இன்றுவரை தெரியவில்லை. கருவி காட்டிய பாதரசமும் வெள்ளியும் வெள்ளீயமும் அவர்கள் பல் ஓட்டைகளை அடைத்திருந்த பழைய கலவை. பல்லைப் பற்றி மட்டும் அக்கா போலீசிடம் மூச்சுவிடவில்லை. பிரிவை மூடிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. காட்டு முகாமுக்குப் போகிறவர்களுக்குப் பல்லையும் சோதிப்பார்கள். பல் டாக்டரம்மா கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டு, கீழ்க் கடைவாயில் தட்டிப் பார்த்தார்.

"இதுல வெள்ளி அடைச்சிருக்கே. எப்ப அடைச்சது?"

"நான் பல்லே அடைச்சது இல்ல டாக்டர்."

"நல்லா தேஞ்சும் போயிருக்கு. எழுபது வயசுக்காரங்க பல்லு மாதிரி." படம் எடுத்துப் பார்த்தார். "வேர் எலும்புல கெட்டியா இருக்கு. எப்பவும் அங்கயே இருந்த மாதிரிதான்."

அக்கா கைப்பையைத் திறந்து, அந்த மண் பையை நீட்டினாள். டாக்டரம்மா உள்ளே இருந்ததை எடுத்து, விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அக்காவின் வாய்க்குள் மறுபக்கம் இருந்த அதே பல்லைப் பார்த்தார்.

"இது உங்க பல்லும்மா. ரெண்டும் ஜோடி. எப்ப விழுந்துச்சு?"

திறந்த வாயை மூட அக்காவுக்கு அருவருப்பாக இருந்தது.