சேற்றில் பட்டுச்சேலை

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தின் எதிர்ச்சுவரில், நாற்று நடும் பெண் ஒருத்தியைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். முழங்கால் வரை சேறு, உடம்பில் மயில்கரைப் பட்டு. நாடகங்களுக்கு உடை தைப்பவள் நான்; நோட்டை எடுத்து வரைகிறேன்.

நடவு முடித்து வந்த ஒரு பெண்மணி பக்கத்தில் நிற்கிறார். சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு.

"பட்டு கட்டிக்கினு எவ நாத்து நடுவா? இந்தப் படம் போட்டவன் எங்க கயனி வரப்புல குந்திக்கினு என்னப் பாத்துதான் வரைஞ்சான். சட்ட போட்டா செவுரு நல்லா இருக்காதாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கண்ணெதிரே நிற்பவளின் சட்டையைக் கழற்றிவிட்டு வரைவதற்கு இவன் எதற்கு வரப்பில் உட்கார வேண்டும்?

அவர் என் நோட்டை எட்டிப் பார்க்கிறார்.

"இன்னாம்மா, நீயும் பட்டத்தான் வரைஞ்சிக்கினு கீற?"

தாளைக் கிழிக்கிறேன். புதுப் பக்கத்தில் முதலில் சட்டை. கைகளின் நுனியில் நாற்று முளைக்கிறது.

"மேல் பொத்தான் இல்ல, ஊக்கு கீது பாரு," என்கிறார். "அதையும் போடு."