பச்சையம்மாவின் ஆறு கோழிகள்

பச்சையம்மாவிடம் யாரும் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. மிளகில் பப்பாளி விதை கலக்கிறார்களாம் என்றால், உடனே ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டு, மிதப்பது எது, முழுகுவது எது என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. "நீ பாத்தியா?" என்பதுதான் எந்நேரமும் அவள் வாயில். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய அந்தத் தெருவில் அவளுக்குச் 'சோதனைக்காரி' என்றே பேர். கீரை விற்றுப் பிழைக்கிறவளுக்கு இந்த வம்பெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. போகட்டும், அவள் பிறவி அப்படி.

2006 ஐப்பசியில் ஏதோ ஒரு கம்பெனி சாம்பல் நிறத் தூளை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டி, எரு என்று இலவசமாகக் கொடுத்தது. தெருவே கூடையோடு ஓடியது. போட்ட பத்தே நாளில் கீரை தளதளவென்று நின்றது.

"கம்பெனிக்காரன் சும்மா குடுப்பானா?" என்றாள் பச்சையம்மா. அதற்காகக் கெட்டது என்றும் அவள் சொல்லிவிடவில்லை.

அந்த நேரம் பார்த்து, ஏழாம் மாதச் சீமந்தம் முடிந்து மகள் அமுலு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தினம் அவளுக்குக் கீரை வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தானே சாப்பிடுகிறாள்! அந்த எருவில் விளைந்ததைக் கொடுக்கலாமா, கூடாதா? பச்சையம்மாவுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஒரு பாத்திக்குக் கம்பெனி எரு, இன்னொன்றுக்கு மாட்டுச் சாணி. ஒரே கோழி பொரித்த ஆறு குஞ்சுகளை மும்மூன்றாய் இரண்டு கூண்டில் அடைத்தாள். ஒரே அளவு நொய், ஒரே அளவு கீரை, குடிக்க வீட்டு அடிபம்புத் தண்ணீர். கீரை விளைந்த பாத்தி மட்டும்தான் வேறு. முடிவு தெரிகிறவரை மகளுக்குச் சந்தைக் கீரை. கணவன் தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டான். "ஊருல கோழிய துன்னுவாங்க, இவ பரீட்ச வச்சிக்கினு கீறா!"

முப்பதாம் நாள் எருக் கூண்டில் ஒன்று கால் மடங்கி விழுந்து செத்தது. இரண்டே நாளில் மற்ற இரண்டும். "பாத்தீங்களா?" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். அப்படி ஒரு பெருமை அவளுக்கு, மறைத்து என்ன ஆகப்போகிறது.

நாற்பதாம் நாள் சாணிக் கூண்டிலும் மூன்றும் செத்துக் கிடந்தன.

பக்கத்து வீட்டுப் பூவம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னா சோதனைக்காரி, சாணியும் விஷமா? கழிச்சல் நோவும்மா இது!"

நோய்தானா? அப்படியானால் தெருவில் மேயும் கோழிகளில் ஒன்றுகூட ஏன் சாகவில்லை? அவை மழைக் குட்டையில் குடிக்கின்றன. இவை குடித்தது அடிபம்புத் தண்ணீர். இரண்டு கூண்டுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று அவளே பார்த்துப் பார்த்து ஊற்றியது. தெருக்குழாயில் வருவதும் அதே நிலத்தடித் தண்ணீர்தான். எருவா, தண்ணீரா, இரண்டுமேவா? தெரிந்துகொள்ள இன்னும் ஆறு கோழி வேண்டும், இன்னும் நாற்பது நாள் வேண்டும். அமுலுவுக்கு அவ்வளவு நாள் இல்லை.

"துணிய எடுத்து வையி. மாமியா ஊட்டுக்குப் போயிடு" என்றாள்.

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பிள்ளை பிறக்குமுன் திருப்பி அனுப்புகிற தாய் எந்த ஊரில் உண்டு? "ஊரே காறித் துப்பும்டி" என்று கத்தினான் தணிகாசலம்.

"துப்பட்டும்."

பஸ் நிலையத்தில் அமுலு அழுதாள். "கோழி செத்துப்போச்சின்னு என்னத் தொரத்துறியாம்மா?"

"கோழிக்காக இல்லடி. நம்ம அடிபம்புத் தண்ணி மேல எனக்கு சந்தேகம்."

அமுலுவின் அழுகை நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள்.

"அந்தத் தண்ணிய தானே நாப்பது நாளா நானும் குடிச்சிக்கினு இருந்தேன்?"

திருவள்ளூர் பஸ் வந்தது. மகள் ஏறி, ஜன்னல் பக்கம் இடம் இருந்தும் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள்.