ஹெர்மெலிந்தாவின் இடுப்பளவு

கால்வாய்கள் ஓடும் சோச்சிமில்கோ ஊரின் சுகாதார நிலையத்தில் நாற்பத்தோரு வருடம் நான் செய்த வேலை அளவெடுப்பது. எடை, இடுப்பு, மேற்கை, வெறும் வயிற்றுச் சர்க்கரை. ஹெர்மெலிந்தா கலீசியாவின் அட்டையைப் போல என்னைக் குழப்பிய அட்டை வேறில்லை.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கீரையும் பூவும் ஏற்றிய தோணியைக் கழி ஊன்றித் தனியாகத் தள்ளிக்கொண்டு சந்தைக்குப் போகிறவள். சான் கிரெகோரியோ திருவிழாத் தோணிப் பந்தயத்தில் மூன்று முறை வென்றவள்.

மார்ச் 3: எடை 68, இடுப்பு 88, மேற்கை 31, சர்க்கரை 96.
செப்டம்பர் 9: எடை 70, இடுப்பு 103, மேற்கை 26, சர்க்கரை 214.

எடை இரண்டே கிலோதான் கூடியிருந்தது. ஆனால் வயிறு பெருத்து, முகம் உருண்டு, கைகால்கள் மெலிந்துவிட்டன. முக்காலியிலிருந்து எழ மேசையைப் பிடித்தாள்.

“இனிப்பு ரொட்டிய விடலையா அம்மா?” என்றார் டாக்டர் இத்துர்பே. “அடுத்த மாசமும் இப்படியே இருந்தா இன்சுலின் ஊசிதான்.”

“ரொட்டியத் தொட்டு மூணு மாசமாச்சு. மாதா மேல சத்தியம்.”

“வேற மருந்து ஏதாவது?”

“ஒண்ணுமில்ல.”

வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: “எவாரிஸ்தோ ஐயா, ஊசியக்கூடப் போட்டுக்குவேன். கழியத் தூக்க முடியலியே! தோணி தள்ளாட்டி நான் என்ன மனுஷி?”

எனக்கு அந்த 26 உறுத்தியது. இனிப்பு தின்று பெருத்தால் கை ஏன் இளைக்கிறது?

“மருந்தக் கேக்கல. விடிஞ்சதிலிருந்து வாய்க்குள்ள போறது அத்தனையும் சொல்லு” என்று தாளை எடுத்தேன்.

காப்பி, சோளமாவுத் தொர்த்தியா, அவரை, கள்ளிக்கீரை. பிறகு, “ஒஃபேலியா குடுக்கிற பச்சிலைக் குளிகை. முட்டிவலிக்கு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

“எப்போதிலிருந்து?”

“ஏப்ரல்.”

“இத ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?”

“அது மருந்தா? பச்சிலை. அதுவுமில்லாம, என் மகனுக்கு ஞானஸ்நானத்தில தாயா நின்னவ ஒஃபேலியா. அவ ஆசையாக் குடுத்தத டாக்டர் முன்னால வச்சு விசாரிக்கிறதா?”

எங்களூரில் அந்த உறவு கூடப்பிறந்தவளுக்கும் மேல். அந்தக் கையிலிருந்து வருவதை யாரும் சந்தேகிப்பதில்லை.

தாளை டாக்டரிடம் கொடுத்தேன். அவர் அவள் ரத்தத்தையும் ஒரு குளிகையையும் சோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் முடிவு வந்தது.

“உங்களுக்கு இன்சுலின் குறையல அம்மா, மூணு மடங்கு சுரக்குது” என்றார் டாக்டர். “ உடம்புதான் அதுக்கு மசியல. குளிகையில ஸ்டீராய்டக் கலந்திருக்காங்க. அது கைகால் தசையக் கரைக்குது, கொழுப்ப வயித்துலயும் முகத்துலயும் சேக்குது.”

அவள் குளிகைப் புட்டியைக் கால்வாயில் வீச எழுந்தாள். டாக்டர் தடுத்தார்.

“சட்டுன்னு நிறுத்தினா மயங்கி விழுவீங்க. உங்க உடம்பு தன்னோட ஸ்டீராய்டத் தானாச் சுரக்கிறதையே மறந்துபோச்சு. நான் அளந்து குடுக்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம்.”

செய்தி கேட்டு ஒஃபேலியா அழுதுகொண்டே ஓடி வந்தாள். “நானா உனக்கு விஷம் குடுத்தேன்?”

“நீ பிரியமாக் குடுத்த. கலந்தவன் எவனோ. நீயும் அதத்தான முழுங்குற? அழாம கைய நீட்டு, ஐயா அளக்கட்டும்.”

ஐந்து மாதங்கள் பிடித்தன. மருந்து குறையக் குறைய, நவம்பரில் எழ முடியாமல் கிடந்தாள். ஜனவரியில் வெறும் தோணியைத் தள்ளினாள். பிப்ரவரியில் கீரையோடு தள்ளினாள்.

மார்ச் 12, திருவிழாப் பந்தயம். பக்கத்துத் தோணிக்காரி கூவினாள்: “ஏ கிழவி, அந்த வயித்த எங்கடி விட்ட?”

“உன் தோணியில ஏத்திட்டேன்! அதான் நகர மாட்டேங்குது!”

இரண்டு தோணி நீளம் முந்தி எல்லையைத் தொட்டாள். ஒஃபேலியா கரையிலிருந்து கூடைப் பூ அத்தனையையும் அவள் தலையில் கொட்டினாள். ஹெர்மெலிந்தா ஈரத்தோடு நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

“அளங்க ஐயா.”

மேற்கை 30. இடுப்பு 90. மார்ச் 5 அன்று எடுத்த சர்க்கரை 99. இன்சுலின் ஊசி தேவையில்லை என்று டாக்டர் கையெழுத்திட்டிருந்தார்.

“முட்டி வலிக்குதா?” என்று கேட்டேன். அதையும் எழுத வேண்டுமே.

“நல்லாவே வலிக்குது!” என்று சிரித்துவிட்டு, கழியைத் தோளில் போட்டுக்கொண்டு பரிசு வாங்க நடந்தாள்.