என் வீட்டுக்குப் பின்னால் நாற்பதடி

என் அண்ணன் முப்பத்தொரு வருஷம் காட்டுக்குத் தீ வைத்துச் சம்பளம் வாங்கியவன். இப்படிச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் முகம் சுளிப்பார்கள். எங்கள் தெருவில் முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் அவனுக்கு வைத்த பெயர் தீவட்டி. நேரில் பார்த்தால் சார், தலை மறைந்ததும் தீவட்டி.

வனத்துறையில் அவன் தீக்குழுவின் தலைவன். பைன் மரம் வருஷம் பூராவும் ஊசி ஊசியாக இலையை உதிர்த்துக்கொண்டே இருக்கும். நாலைந்து வருஷம் அப்படியே விட்டால் தரையில் மெத்தை மாதிரி சருகு சேர்ந்துவிடும், கோடையில் ஒரு பொறி விழுந்தால் காடே மிஞ்சாது. அதனால் குளிர் விடுகிற சமயத்தில், காற்று அடங்கிய நாளாகப் பார்த்து, பகுதி பகுதியாக இவர்களே எரித்துவிடுவார்கள். தீ முழங்காலுக்கு மேல் எழும்பாது. மரத்தின் அடிப்பட்டை கறுக்கும், அவ்வளவுதான். எங்கிருந்தோ வந்து காட்டை அடைத்துக்கொண்ட முள்புதர் அந்தத் தீயில் போய்விடும், மிச்சத்தை அண்ணன் வேரோடு பிடுங்குவான். அடுத்த மழைக்கு அந்த மண்ணின் சொந்தப் புல் முளைத்துவிடும். அதற்குப் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதைக் காட்ட என்னை இரண்டு மைல் நடக்க வைத்திருக்கிறான், கடன்காரன்.

தீ வைக்கிற அன்று காலையில் காய்ந்த ஊசி ஒன்றை எடுத்து விரலில் மடக்கிப் பார்ப்பான். வளைந்தால் ஈரம், இன்று வேண்டாம். சட்டென்று ஒடிந்தால் ரொம்பக் காய்ச்சல், வேண்டவே வேண்டாம். வளைந்து வளைந்து, மனசில்லாமல் ஒடிந்தால்தான் எண்ணெய் கேனைக் கையில் எடுப்பான். ஆபீஸ் கொடுத்த கருவியைவிட அவன் விரலைத்தான் குழுவில் எல்லோரும் நம்பினார்கள். அத்தனை வருஷத்தில் அவன் வைத்த தீ ஒரு தடவைகூட, பரவாமல் இருக்கச் சுற்றிலும் வெட்டிய கோட்டைத் தாண்டியதில்லை. அவனுக்கென்று இருந்த ஒரே பெருமை அது. கல்யாணம், வீடு, வாசல் எதுவும் செய்துகொள்ளவில்லை.

அந்தக் காட்டோரம் பதினான்கு வீடுகள் கட்டி விற்றார்கள். வாங்காதே என்று அண்ணன் தலைபாடாக அடித்துக்கொண்டான். கேட்டால்தானே! தெருக்கோடியில், சாலையை ஒட்டிய வீடு என்று பெருமையாக வாங்கினோம். முதல் வருஷமே நாலு நாள் புகை. தெருவே என் வாசலில் வந்து நின்றது. துவைத்த துணி நாறுகிறது, திரைச்சீலை நாறுகிறது, உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள் என்றார்கள். அவன் சொந்தப் பகைக்குத் தீ வைக்கிற மாதிரி பேசினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து உச்சுக் கொட்டினேன்.

அடுத்த வருஷம் வீட்டுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தோம். என் வீட்டுக்காரரின் மேனேஜர் குடும்பத்தோடு சாப்பிட வருவதாக இருந்தது. அந்த வாரம்தான் பின்பக்கம் எரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். இவருக்குப் புகை பட்டால் இழுப்பு வருகிறது, எங்கள் வீட்டுப் பின்பக்கத்தை மட்டும் விட்டுவிடு என்றேன். இவருக்கு இழுப்பு உண்டு, மழைக்காலத்தில். குளிர் விடுகிற நாளில் கல்லு மாதிரி இருப்பார். அது அண்ணனுக்கும் தெரியும்.



"எத்தனை அடி விடணும்?" என்றான்.

நாற்பதடி விட்டான். என் மதில் ஓரமாகச் சாலை வரைக்கும் ஒரு பட்டை. ஏன் விட்டாய் என்று மேலே கேட்பார்களே என்று பதிவேட்டில் 'முழுவதும் எரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதற்கப்புறம் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அதை விட்டான், ஒவ்வொரு வருஷமும் அதே வரியை எழுதினான். துணி வெளுப்பாகக் காய்ந்தது. எனக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது.

ஐந்தாவது வருஷம் அந்தப் பட்டையில் நின்ற இரண்டு மரங்கள் பழுத்துக் காய ஆரம்பித்தன. அண்ணன் வந்து கத்தியால் மரப்பட்டையைச் சீவிக் காட்டினான். உள்ளே வண்டு துளைத்த வழி, அடியில் மாவு மாதிரி தூள். வெட்டி அப்புறப்படுத்தி, கீழே இருப்பதை எரித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் வண்டு மற்ற மரங்களுக்கும் போகும் என்றான். மரம் சாய்ந்தால் மதில் உடையுமே, மழைக்கப்புறம் பார்க்கலாம் என்றேன். கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பெரிய அதிகாரி சொன்னாலும் மறுத்துப் பேசுகிறவன், என்னிடம் மட்டும் வாயைத் திறக்கமாட்டான்.

அந்தக் கோடையில் சாலைக்கு அந்தப் பக்கம் யாரோ குப்பை கொளுத்தினார்கள். மத்தியானக் காற்றில் பொறி பறந்தது. எரித்து வைத்திருந்த பகுதியில் விழுந்த பொறியெல்லாம் பற்ற ஒன்றுமில்லாமல் அணைந்தது. என் நாற்பதடியில் விழுந்தது அணையவில்லை. சருகு பற்றி, அந்த இரண்டு பட்டமரத்தில் ஏறி, கூரைக்கு வந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டோடு ஐந்து வீடுகள் போயின. பக்கத்து வீட்டு டெய்லர் இரண்டு தையல் மெஷின்களையும் இழந்தார்.

வனத்துறை ஆபீஸில், நீள மேஜை போட்ட அறையில் விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி பதிவேட்டைத் திருப்பி அந்த வரியைக் காட்டினார். அண்ணன் எழுந்து, விட்டது நான்தான், எழுதியதும் நான்தான் என்றான். ஏன் விட்டீர்கள் என்று மூன்று தடவை கேட்டார்கள். பதில் சொல்லவில்லை. அதிகாரி என் பக்கம் திரும்பி, வீட்டுக்காரம்மா நீங்கள், உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்றார். எனக்குப் பின்னால் நாலு குடும்பம் உட்கார்ந்திருந்தது. டெய்லர் மனைவி இருமிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றேன்.

ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போது அண்ணனை வேலையிலிருந்து நீக்கினார்கள். இப்போது தெருவில் தீவட்டி என்று முகத்துக்கு நேரேயே சொல்கிறார்கள். நாங்கள் வீட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டோம், இந்தத் தடவையும் வெள்ளைதான்.

அண்ணன் இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு செடிக்கடையில் வேலை பார்க்கிறான். எந்த முள்புதரை முப்பது வருஷம் பிடுங்கினானோ, அதையே வேலிக்கு அழகு என்று தொட்டியில் வைத்து விற்கிறார்கள். அவன்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறான்.

இரண்டு வருஷம் கழித்துப் போன மாதம்தான் அங்கே போனேன். கையில் ரப்பர் குழாயோடு நின்றிருந்தான். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, இவருக்கு இழுப்பு எப்படி என்று விசாரித்தான். அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை.

"ஏண்ணா, அன்னிக்கு என் பேரைச் சொல்லல?"

குழாயை மடக்கித் தண்ணீரை நிறுத்தினான்.

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்," என்றான்.

பிறகு மடக்கியதை விட்டுவிட்டு, அடுத்த வரிசைத் தொட்டிகளுக்கு நகர்ந்தான்.